மூடவும் வேண்டிய இமை

இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்த பிறகு, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் அம்மா தடுமாறாமல் வாசித்தார். ஆனாலும் கும்பகோணத்து வீட்டுக்குத் திரும்பி ஓராண்டு ஆவதற்குள், "பார்வை தெளிவாத்தான் இருக்குடி, ஆனா மேலேருந்து பாதித் திரையை இறக்கிவிட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லத் தொடங்கினார். நாளிதழை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, மோவாயைத் தூக்கி, புருவங்களை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசிப்பார். மாலையானால் நெற்றி வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பார். கண்ணாடியின் பவரை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவருடைய 67ஆம் பிறந்தநாளில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான், இடது கண்ணின் கருவிழியில் ஏறக்குறைய பாதியை இமை மறைத்திருப்பதையும், இமை விழாமல் தாங்குவதற்காக நெற்றித் தசை நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருப்பதையும் நான் கவனித்தேன். அந்த வேலையின் களைப்புதான் மாலை நேரத்து நெற்றிவலி என்பதை மருத்துவர் பின்னர் விளக்கினார்.

இமை அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் எழுந்தது நிம்மதி அன்று, அச்சம். காரணம் என் சித்தி. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊரில் மேல் இமையில் தொங்கிய தோலை எடுத்துக்கொண்டவர் அவர். படத்தில் பார்த்தால் அழகாகவே இருப்பார். பத்து வயது குறைந்துவிட்டது என்று உறவினர்கள் சொல்லுவார்கள். ஆனால் உறங்கும்போது அவருடைய கண்கள் முழுவதும் மூடுவதில்லை. இரண்டு இமைகளுக்கும் நடுவே ஒரு வெண்கோடு தெரியும். விடிந்ததும் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது என்பார். இரவுதோறும் களிம்பைத் தடவி, காகிதப் பிளாஸ்திரியை ஒட்டி இமைகளை மூடிக்கொண்டுதான் படுக்கிறார். கண்ணை இமை காப்பதுபோல என்று நாம் எவ்வளவோ முறை சொல்லியிருப்போம். அந்த உவமைக்குள் இருக்கும் உடற்கூற்று உண்மையை நான் சித்தியின் கட்டில் ஓரத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை மூடித் திறந்து, கண்ணீரை விழியின் மேல் ஒரே சீராகப் பூசுவது இமை. இரவெல்லாம் மூடிக்கிடந்து விழிப்படலம் உலர்ந்துபோகாமல் காப்பதும் அதுதான். திறக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஓர் இமையை வெட்டித் தைத்தால் அதன் பாதி வேலையை நாம் மறந்துவிட்டோம் என்றே பொருள்.

அம்மாவை முதலில் அழைத்துச் சென்ற இடம் முகப்பொலிவு சிகிச்சைகள் செய்யும் ஒரு மையம். பெயர் இங்கு வேண்டியதில்லை. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கிருந்தவர் கண்ணாடியை அம்மாவின் கையில் கொடுத்து, விரலால் இமைத் தோலைக் கிள்ளிக் காட்டி, "இவ்வளவையும் எடுத்துடலாம்" என்றார். கீழ் இமைப் பைகளையும் சேர்த்துச் செய்தால் சலுகை உண்டு என்றார். அம்மா என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், கண் உலர்கிறதா, இமைத் தொய்வு எப்போது தொடங்கியது, காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று ஒரு கேள்வியும் இல்லை. அளவுகோலையோ டார்ச் விளக்கையோ யாரும் கையில் எடுக்கவில்லை. சுவரில் நிறைய முன்-பின் படங்கள் மாட்டியிருந்தார்கள். அத்தனை பேரும் கண்ணை நன்றாகத் திறந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடியபடி ஒரு படமும் இல்லையே என்று சித்தியின் நினைவோடு தேடிப்பார்த்துவிட்டு, முன்பணம் கட்டாமல் வெளியே வந்தோம். இமை அறுவைக்காக எவரிடம் சென்றாலும், அறுவைக்குப் பின் கண்ணை மூடிய நிலையில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று இன்று எல்லோரிடமும் சொல்லுகிறேன்.

இரண்டாவதாகச் சென்றது கண் மருத்துவம் படித்து, அதற்குமேல் ஓகுலோபிளாஸ்டி என்னும் இமை, கண்குழி, கண்ணீர்ப் பாதை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற ஒரு பெண் மருத்துவரிடம். பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிலும் இமையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இமையைத் தொடுவதற்கு முன் கண்ணை முழுமையாகச் சோதிக்கிறாரா, அல்லது கண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு சோதிக்கச் செய்கிறாரா என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்த மருத்துவர் முதல் சந்திப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் செய்தவற்றை நான் ஒரு நோட்டில் எழுதிவைத்ததால்தான் இந்தக் கட்டுரையையே எழுத முடிகிறது.

இமை தொய்ந்திருக்கிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லுவதற்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம் என்பதுதான் அன்று நான் கற்ற முதல் பாடம். முதலாவது, வயதால் தளர்ந்த தோல் இமைமடிப்பின் மேல் வழிந்து இமைமுடி வரைக்கும் தொங்குவது. இமையின் விளிம்பு தன் இடத்திலேயே இருக்கும். அதன்மேல் தோல்தான் போர்வைபோல் விழுந்திருக்கும். இரண்டாவது, இமையின் விளிம்பே கீழே இறங்கிவிடுவது. இதைத்தான் மருத்துவர்கள் டோசிஸ் என்கிறார்கள். இமையைத் தூக்கும் தசையின் முனையில் உள்ள மெல்லிய தசைநார் நெகிழ்ந்தோ விலகியோ போவது முதியவர்களில் இதற்குப் பெரும்பான்மையான காரணம். பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும், கண்புரை போன்ற அறுவைகளுக்குப் பின்னரும் இது வருவதுண்டு. மூன்றாவது, புருவமே சரிந்து இமையை அழுத்துவது. தோல் தொங்கினால் தோலை எடுக்கலாம். தசைநார் நெகிழ்ந்திருந்தால் தோலை எவ்வளவு எடுத்தாலும் இமை உயராது. தசைநாரை முன்னே இழுத்து அதற்குரிய இடத்தில் தைக்க வேண்டும். புருவம் சரிந்திருக்கும்போது இமைத் தோலை மட்டும் எடுத்தால் புருவம் இன்னும் கீழே இழுபட்டு, முகம் எந்நேரமும் சினந்திருப்பதுபோல் தோன்றும். ஒருவருக்கே இம்மூன்றும் கலந்து இருக்கலாம். முதல் மையத்தில் அம்மாவுக்குச் செய்வதாகச் சொன்னது தோலை எடுப்பது மட்டும். அம்மாவின் இடது கண்ணுக்கு அது பயன்பட்டிருக்காது.

அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவர் அம்மாவின் முன்னால் நேராக அமர்ந்து, டார்ச் ஒளியைக் கண்ணில் காட்டி, பாவையின், அதாவது கருவிழிக்கு நடுவே ஒளி நுழையும் துளையின், மையத்தில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமையின் விளிம்பு வரை உள்ள தூரத்தைச் சிறிய அளவுகோலால் அளந்தார். இது இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். அம்மாவுக்கு வலது கண்ணில் 3, இடது கண்ணில் ஒன்றரை. அடுத்து, நெற்றித் தசை உதவிக்கு வராதபடி புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "நல்லா கீழே பாருங்கம்மா, இப்ப நல்லா மேலே பாருங்க" என்று சொல்லி, இமை எத்தனை மில்லிமீட்டர் பயணம் செய்கிறது என்று அளந்தார். 13 வந்தது. தசை வலுவோடுதான் இருக்கிறது, அதன் நார்தான் நெகிழ்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று என்றார். இவ்வகைத் தொய்வில் கீழே பார்க்கும்போது இமை மேலும் இறங்கிவிடும்; அம்மா நாளிதழை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அதன்பின் இடது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கண்ணை என்னையும் பார்க்கச் சொன்னார். வலது இமை கொஞ்சம் இறங்கியது. இரண்டு இமைகளுக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு கட்டளைதான் போகிறது. தொய்ந்த இமைக்காக மூளை கூடுதலாக முயன்றுகொண்டிருந்தால், அதைச் சரிசெய்த பிறகு மற்ற இமையின் ஒளிந்திருந்த தொய்வு வெளிப்படும். அறுவைக்கு முன்பே இதைக் காட்டிவிட்டதால், பின்னாளில் "அந்தக் கண்ணைச் சரிபண்ணி இந்தக் கண்ணைக் கெடுத்துட்டாங்களே" என்று அம்மா கலங்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை வரும்போது பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொன்னார். 1980ஆம் ஆண்டுக் கல்யாண ஆல்பத்தோடு போனோம். இளமையில் இமைமடிப்பு எந்த உயரத்தில் இருந்தது, இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தனவா, தொய்வு புதியதா பிறவியிலிருந்தே உள்ளதா என்பதை ஆல்பம் சொல்லிவிடும். அம்மாவின் வலது இமைமடிப்பு மணக்கோலத்திலேயே இடது மடிப்பைவிடச் சிறிது உயரமாக இருந்தது. அறுவைக்குப் பின் கண்ணாடி முன் நின்று மணிக்கணக்கில் ஒப்பிடும்போதுதான் பலர் தம் முகத்தின் இயற்கையான ஏற்றத்தாழ்வை முதன்முதலாகக் காண்கிறார்கள். அதை முன்கூட்டியே காட்டிவிடும் மருத்துவர் நேர்மையானவர் என்று நான் நினைக்கிறேன்.

அறுவை மேசைக்கே போகக் கூடாத இமைத் தொய்வுகளும் உண்டு. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புவது இப்பகுதியைத்தான். ஓர் இமை திடீரென்று, ஓரிரு நாளில், ஏன் ஓரிரு மணியில் விழுந்துவிட்டால், அதோடு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கடுமையான தலைவலி இருந்தால், அந்தக் கண்ணின் பாவை மற்றதைவிட விரிந்திருந்தால், அது அழகுக் குறை அன்று, அவசர நோய். மூளையின் இரத்தக்குழாயில் உண்டான வீக்கம் கண்ணுக்கு வரும் மூன்றாம் நரம்பை அழுத்தும்போது இப்படி நேரும். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே நரம்பு பழுதுபடுவதுண்டு. அவர்களில் பெரும்பாலும் பாவை விரிவதில்லை, சில மாதங்களில் தானாகவே தேறிவிடும் என்றாலும், எது எது என்று வீட்டிலிருந்தபடி நாம் தீர்மானிக்க முடியாது. காலையில் சரியாக இருந்து மாலையில் இமை விழுந்தால், மெல்லவும் விழுங்கவும் சோர்வு தட்டினால், மையஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நரம்பு-தசை நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டியை வைத்து எடுத்ததும் இமை 2 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அம்மாவுக்கும் இந்த எளிய சோதனையைச் செய்து பார்த்தார்கள், மாற்றமில்லை. இந்நோய்க்கு மாத்திரைகள் உண்டு. நோயை அறியாமல் இமையை வெட்டினால் நோயும் தீராது, இமையும் கெடும்.

தைராய்டு கோளாறும் இமையைப் பாதிக்கும். அங்கே பெரும்பாலும் இமை மேலே இழுபட்டு, கண் பிதுங்கியதுபோல் தோன்றும். இமைகள் வீங்கிப் பை கட்டும். அந்த வீக்கத்தைக் கொழுப்பு என்று எண்ணி அறுவைக்கு விரைவது தவறு. கண்ணில் நோயின் சீற்றம் அடங்கிப் பல மாதங்கள் நிலையாக இருக்க வேண்டும். கண்குழி, மாறுகண் ஆகியவற்றுக்கான அறுவைகள் தேவைப்பட்டால் அவை முதலில் வரும், இமையின் முறை கடைசியில்தான்.

பிறவியிலேயே இமை தொய்ந்த குழந்தைகளின் கதை வேறு. பாவையை இமை மறைத்தால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் சோம்பிப்போய்விடும் என்பதால், பெரியவளாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு இமையை அளந்து முடித்த பிறகு கண்ணீரை அளந்தார்கள். வடிதாள் பட்டை ஒன்றைக் கீழ் இமையின் ஓரத்தில் மடித்துச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வறட்சி இருக்கலாம், அம்மாவுக்கு 7. மருத்துவர் அறுவையை மறுக்கவில்லை, ஆனால் ஆறு வாரம் தள்ளிவைத்தார். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளுக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து, விழிப்படலம் தெளிந்த பிறகே நாள் குறித்தார். எந்த இமை அறுவைக்குப் பின்னும் சில வாரங்களாவது இமை முழு வேகத்தில் இமைக்காது, சிறிது திறந்தும் இருக்கக்கூடும். ஏற்கெனவே உலர்ந்த கண்ணுக்கு அந்த வாரங்கள் கொடுமையானவை. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்னும் லேசர் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கண் உலர்வு இருக்கலாம். அவர்கள் அதை மறைக்காமல் சொல்லி, இடைவெளி விட்டே இமைக்கு வர வேண்டும்.

தோலை எவ்வளவு எடுப்பார்கள் என்று நான் கேட்டேன். எவ்வளவு விட்டுவைப்பேன் என்று அவர் பதில் சொன்னார். புருவத்தின் கீழ்விளிம்புக்கும் இமைமுடிக்கும் நடுவே ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தோல் எஞ்சினால்தான் கண் இயல்பாக மூடும் என்பது இத்துறையில் பலரும் பின்பற்றும் கணக்கு. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருப்பது. குறைவாக எடுத்துவிட்டால் இன்னொரு முறை எடுக்கலாம்; கூடுதலாக எடுத்துவிட்டால், காதின் பின்புறம் போன்ற இடத்திலிருந்து தோலைக் கொண்டுவந்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். கொழுப்பும் அப்படித்தான். முன்பெல்லாம் தாராளமாக வழித்து எடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கண்கள் குழிந்து, நோயாளிபோன்ற தோற்றம் வந்ததைக் கண்ட பிறகு இன்று கையை அடக்கிக்கொள்ளுகிறார்கள். சித்தியிடம் இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் என்று நான் எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

கீழ் இமையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் கருவளையத்தைப் போக்க வேண்டும் என்று கீழ் இமை அறுவையை நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பை துருத்துவதால் விழும் நிழல், பையைச் சரிசெய்தால் குறையும். தோலின் நிறமே கருத்திருந்தால் அறுவையால் அது வெளுக்காது. நம் தோலில் பெரும்பாலும் காரணம் நிறமிதான். மேலும், கீழ் இமை தளர்ந்திருக்கும்போது அதைக் கவனிக்காமல் தோலை எடுத்தால் இமை வெளிப்புறமாகப் பிதுங்கி, கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். இமையை விரலால் முன்னே இழுத்து விட்டு, அது எவ்வளவு விரைவாக விழியோடு போய் ஒட்டுகிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருந்துகளுக்கு வருகிறேன். அம்மா இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், இதயத்துக்காகச் சிறிய ஆஸ்பிரினும் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அறுவைக்கு முன் சில நாள் நிறுத்தச் சொல்லுவதுண்டு. ஆனால் நிறுத்தலாமா, எத்தனை நாள், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த இதய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்திக்கொள்ளுவது உயிருக்கே ஆபத்து. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, சித்த ஆயுர்வேத மருந்துகள், மூட்டுவலிக்குக் கடையில் நாமாக வாங்கும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மா, "அது மருந்தில்லடி, சூரணம்தானே" என்று மறைக்கப் பார்த்தார். டப்பாவையே பையில் போட்டு எடுத்துப்போனேன்.

இவ்வளவு கேள்விகளும் எதற்காக என்றால், கண்ணின் பின்புறம் இரத்தக்கசிவு ஏற்படும் ஓர் அரிய ஆபத்துக்காக. அமெரிக்க இமை அறுவை மருத்துவர்களிடம் எடுத்து 2004ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கின்படி, ஏறக்குறைய 2,000 அறுவைகளில் ஒன்றில் இப்படிக் கசிவு நேர்ந்தது. பார்வை நிரந்தரமாகப் போனது ஏறக்குறைய 22,000இல் ஒன்றில். மிக அரிதுதான். ஆனால் நேர்ந்துவிட்டால் காலம் நிமிடங்களில் கணக்கிடப்படும். கண்குழிக்குள் தேங்கும் இரத்தம் பார்வை நரம்பை நெரிக்கிறது. அழுத்தத்தை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் விடுவிக்காவிட்டால் பார்வை திரும்புவது கடினம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். கூடிக்கொண்டே போகும் கடுமையான வலி, கல்போல் இறுகிப் பிதுங்கும் கண், மங்கும் பார்வை ஆகியவை அதன் அறிகுறிகள். சாதாரண இமை அறுவையில் வலி அதிகம் இருக்காது என்பதால், தாங்க முடியாத வலி என்றாலே அது எச்சரிக்கை. காலையில் போய்ப் பார்க்கலாம் என்று மாத்திரையைப் போட்டுத் தூங்கக் கூடாது. எங்கள் மருத்துவர் இரவில் அழைக்க வேண்டிய எண்ணை எழுதிக் கொடுத்து, அந்த எண்ணை அங்கேயே என் கைபேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொன்னார். அன்றிரவு கும்பகோணம் திரும்பாமல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கச் சொன்னதும் அதனால்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பேருந்துச் செலவையும் அறை வாடகையையும் ஒப்பிட்டு அன்றே ஊருக்குக் கிளம்பிவிடுவதைப் பார்க்கிறேன். அந்த ஓர் இரவு வாடகையை அறுவைச் செலவின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது நல்லது. இந்திய மருத்துவக் காப்பீடுகளில் அழகுக்கான அறுவை பொதுவான விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பார்வையை மறைக்கும் தொய்வு என்று நிறுவ வேண்டியது நம் பொறுப்பு. அதற்காக அம்மாவுக்கு இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி ஒருமுறையும் ஒட்டாமல் ஒருமுறையும், கண்ணுக்கு எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனை செய்தார்கள். இமை தூக்கியிருக்கும்போது மேற்பகுதிப் பார்வை எவ்வளவு விரிகிறது என்பது தாளிலேயே தெரியும். அதையும், அளவுகளையும், நேராகப் பார்த்து எடுத்த படங்களையும் இணைத்து, அறுவைக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்டோம். டோசிஸ் சரிசெய்த செலவுக்கு ஒப்புக்கொண்டார்கள், தோல் எடுத்ததற்கு ஒப்பவில்லை. மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது என்பதால், சொல்லும் தொகையில் வரி அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னாளில் சிறு திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு யார் பணம் கட்டுவது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. டோசிஸ் அறுவையில் இமையின் உயரம் கூடியோ குறைந்தோ போய் மறுபடி சரிசெய்வது தேர்ந்த கைகளிலும் நேரும்.

அறுவையன்று அம்மாவுக்கு முழு மயக்கம் தரவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே வெட்ட வேண்டிய இடத்தைப் பேனாவால் வரைந்தார்கள். படுத்தால் தோல் பின்னே சரிந்து கணக்கு மாறிவிடும். பிறகு மரத்துப்போகும் ஊசி. அந்த ஊசிதான் வலித்தது, அதன்பின் இழுப்பது மட்டும் தெரிந்தது என்றார் அம்மா. இடது இமையில் தசைநாரைத் தைத்தபோது கண்ணைத் திறக்கச் சொல்லி, உட்காரவைத்து, உயரத்தைப் பார்த்து, ஒரு தையலைப் பிரித்து மறுபடி போட்டார்களாம். நோயாளி விழித்திருந்து ஒத்துழைப்பது இங்கே அறுவையின் ஒரு பகுதி. ஒன்றும் தெரியாமல் தூங்கிவிட வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த நன்மையை இழக்கிறார்கள்.

வெளியே வந்த அம்மாவைக் கண்டதும் எனக்கு நெஞ்சு பதறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் முகம் இன்னும் மோசமாக இருந்தது. கத்தரிக்காய் நிறத்தில் இரத்தக்கட்டு கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. முதல் இரண்டு நாள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து நிமிடம் குளிர் ஒத்தடம் கொடுத்தோம். பனிக்கட்டியை நேராக வைக்காமல் சுத்தமான துணியில் சுற்றித்தான். தலைக்கு இரண்டு மூன்று தலையணை. இரவில் எழுப்பி, ஒவ்வொரு கண்ணாக மூடி என் விரல்களை எண்ணச் சொன்னேன். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, கோயிலில் விழுந்து வணங்குவது ஆகியவற்றுக்குத் தடை. கண்மைக்கும் அப்படியே. இதில் அம்மாவை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது; நான்காம் நாள் விடியலில் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு பிடித்தேன். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் வெளிறிய மஞ்சள் மட்டும் எஞ்சியது. அதற்குப் பிறகும் இமைமுடியின் அருகே மரத்த உணர்வும், தழும்பின் சிவப்பும், ஒரு கண் மற்றதைவிடச் சிறிது வீங்கியிருப்பதும் வாரக்கணக்கில் இருந்தன. முடிவான தோற்றத்தை மூன்று மாதத்துக்கு முன் மதிப்பிடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னதைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டு எழுதிவைத்தோம். அதனால், மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்லுகிறேன்.

ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் மருத்துவர் முதலில் சொன்னது, "கண்ணை மெதுவா மூடுங்கம்மா, இறுக்காதீங்க" என்பதுதான். திறந்த கண்ணை அதன்பிறகே பார்த்தார். முதல் வாரம் இடது கண்ணில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது; நான் சித்தியை நினைத்து நடுங்கினேன். மூன்றாம் வாரம் அது 1 ஆனது. ஆறாம் வாரம் கோடு மறைந்தது. அன்றிரவு அம்மா உறங்கிய பின் விளக்கைப் போடாமல், கைபேசியின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, அருகே குனிந்து நானே பார்த்தேன். இரண்டு இமைகளும் பொருந்தி மூடியிருந்தன. மூன்றாம் மாதம் இமையின் உயரம் இடது கண்ணில் மூன்றரை, வலது கண்ணில் 3 என்று அளந்து எழுதிவிட்டு, இரவுக் களிம்பை நிறுத்தச் சொன்னார். பகல் நேரத்துச் சொட்டு மருந்து நாளுக்கு நான்கு முறை தொடர்கிறது. அடுத்த மாதம் சித்தியை அதே மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன். தோல் ஒட்டுப்போட முடியுமா என்று பார்க்கலாம் என்றிருக்கிறார்.